கோலாலம்பூர் வீட்டில் சுருட்டுகளை ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

சுருட்டைப் பாதுகாப்பது பற்றிக் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டு வீடுகளுக்காக எழுதப்பட்டவை. அங்கே குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும், வீட்டுக்குள் காற்று காய்ந்துபோகும், சுருட்டின் மேலிலை வெடிக்கும். அதனால் அந்தக் குறிப்புகள் எல்லாம் ஈரம் சேர்ப்பதைப் பற்றியே பேசும். நம் ஊரில் அதை அப்படியே செய்தால் சுருட்டு பாழ். கோலாலம்பூரில் பகல் வெப்பம் 32, 33 டிகிரி வரை ஏறும். விடியற்காலையில்கூட 23, 24க்குக் கீழே இறங்குவது அரிது. காற்றின் ஈரப்பதம் விடியலில் 90 விழுக்காட்டைத் தொடும். மழையில்லாத பிற்பகலில்தான் 60 சொச்சத்துக்கு வரும். ஆகவே இங்கே நமக்கு வேலை மூன்று: வெப்பத்தை இறக்குவது, வெளி ஈரத்தை உள்ளே விடாமல் அடைப்பது, வண்டு முட்டை பொரிக்கும் முன்பே அதை அழிப்பது. கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் இந்த மூன்றில் ஒன்றுக்காகத்தான்.

தொடங்கும் முன் ஒன்று. புகை உடலுக்குக் கேடு, சுருட்டும் அதற்கு விலக்கல்ல. புதிதாகப் பழகச் சொல்லி இதை எழுதவில்லை. ஏற்கெனவே நல்ல விலை கொடுத்துக் கைச்சுற்றுச் சுருட்டு வாங்கி வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். 2024 அக்டோபர் 1 முதல் நடப்பிலிருக்கும் 852ஆம் சட்டப்படி 18 வயது நிரம்பாதவர்களுக்குப் புகைப்பொருள் விற்கக் கூடாது. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் பெட்டிக்குப் பூட்டுப் போடுங்கள்.

படி 1: இரண்டு எண்களை முடிவு செய்யுங்கள்

ஈரப்பதம் 65 விழுக்காடு, வெப்பம் 18 டிகிரி செல்சியஸ். நீண்ட காலம் வைக்க நான் சொல்வது இதைத்தான். '70க்கு 70' என்று ஒரு பழைய விதி உண்டு. 70 விழுக்காடு, 70 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது நம் கணக்கில் 21 டிகிரி. சில மாதங்களில் புகைத்து முடிப்பவருக்கு அது சரி. ஆண்டுக்கணக்கில் வைப்பவருக்கு, அதுவும் நம் ஊரில், 70 என்பது விளிம்பு. மூடி ஒருநாள் சரியாக மூடாமல் போனால் போதும், 75ஐத் தாண்டிவிடும். அங்கிருந்து பூஞ்சைக்கு வெகுதூரம் இல்லை. 65இல் வைத்தால் இடைவெளி கிடைக்கிறது, சுருட்டும் சீராக எரிகிறது. கியூபா சுருட்டு வைத்திருப்பவர்கள் பலர் 62க்கே இறக்கிவிடுகிறார்கள். அதுவும் நல்ல தேர்வுதான்.

18 டிகிரியை எட்ட முடியாதவர்கள் மனம் தளர வேண்டாம். 22, 23க்குள் நிறுத்தினாலும், கீழே 5ஆம் படியைத் தவறாமல் செய்தால், சுருட்டு பிழைக்கும்.

படி 2: வீட்டுக்குள் இடம்

மேற்கு வெயில் விழும் சுவரோடு ஒட்டிய அலமாரி வேண்டாம். கொண்டோவில் இருப்பவர்கள் மாலை நான்கு மணிக்குச் சுவரில் கை வைத்துப் பார்த்தாலே தெரியும். உள்ளறை, தரைக்கு அருகில், ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் நல்லது.

சமையலறை கூடவே கூடாது. வெப்பம் மட்டும் காரணமில்லை. சுருட்டைத் துளைக்கும் அதே வண்டுதான் மஞ்சளையும் மல்லியையும் காய்ந்த மிளகாயையும் துளைக்கிறது. மசாலா டப்பாவைத் திறந்ததும் செம்பழுப்பு நிறத்தில் பொடிப் பூச்சி ஓடினால், பெரும்பாலும் அந்த இனம்தான்.

சாமி அறைப் பக்கமும் வேண்டாம். சூடம், சாம்பிராணி, ஊதுவத்தி எல்லாவற்றின் வாசத்தையும் புகையிலை இழுத்து வைத்துக்கொள்ளும். பட்டுப்புடவைக்குப் போடும் பாச்சை உருண்டை இருக்கும் அலமாரியில் ஒரு நாள்கூட வைக்காதீர்கள். அந்த வாசம் ஏறினால் இறங்காது. அரிசிக்குள் வேப்பிலை போடுவதுபோல் சுருட்டுப் பெட்டிக்குள்ளும் போடலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். வேப்பிலை வாசமும் இலையில் ஏறிவிடும், வண்டும் சாகாது.

படி 3: எதில் வைப்பது

நம் ஊருக்கு நான் முதலில் பரிந்துரைப்பது அழகான மரப்பெட்டியை அல்ல. நான்கு பக்கமும் கொக்கி போட்டு மூடும், மூடியில் ரப்பர் வளையம் உள்ள, சாப்பாடு வைக்கும் பிளாஸ்டிக் டப்பா. காற்றுப் புகாத தன்மையில் அதன் பக்கத்தில் நிற்கும் மரப்பெட்டி குறைவு. வாங்கியதும் வெந்நீரில் கழுவி, மூடியைத் திறந்து இரண்டு மூன்று நாள் நிழலில் வையுங்கள். பிளாஸ்டிக் வாடை முழுக்கப் போக வேண்டும். வாடை போகவில்லையென்றால் அந்த டப்பாவை வேறெதற்காவது பயன்படுத்திக்கொண்டு வேறு வாங்குங்கள். சுருட்டுகளை அவை வந்த மரப்பெட்டியோடு அப்படியே உள்ளே வைப்பது எல்லாவற்றிலும் சிறந்தது. மரம் ஈரத்தைக் கொஞ்சம் வாங்கி வைத்துக் கொஞ்சம் திருப்பிக் கொடுக்கும்; ஏற்ற இறக்கம் குறையும்.

அந்த மரம் பெரும்பாலும் 'ஸ்பானிஷ் சீடர்'. பெயரில் சீடர் என்று இருந்தாலும் தேவதாரு இனமல்ல. வேம்பும் மகோகனியும் சேர்ந்த குடும்பத்து மரம், தாயகம் மத்திய, தென் அமெரிக்கா. அதன் வாசம் பூச்சியைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம். ஆனால் இலைக்குள் ஏற்கெனவே இருக்கும் முட்டையை அது எதுவும் செய்யாது. சீடர் பெட்டி இருக்கிறதே, வண்டு வராது என்று நம்பி இருந்துவிடாதீர்கள்.

மரத்தில் செய்த ஹியூமிடோரே (சுருட்டைப் பதமாக வைப்பதற்கென்றே செய்யும் பெட்டி) வேண்டும் என்பவர்கள் வாங்கும்போது ஒரு தாள் துண்டை விளிம்பில் வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். நான்கு பக்கமும் பிடிக்க வேண்டும். (1 ரிங்கிட் நோட்டு பிளாஸ்டிக், வழுக்கிக்கொண்டு வரும், 10 ரிங்கிட் நோட்டு தாள், அதை வைத்துப் பாருங்கள்.) பிறகு இருட்டறையில் கைபேசி விளக்கை உள்ளே எரியவிட்டு மூடினால் வெளிச்சம் எங்கே கசிகிறதோ அங்கேதான் காற்றும் கசியும்.

புதிய மரப்பெட்டியை ஈரத்துணியால் துடைத்துப் பதப்படுத்தச் சொல்லும் குறிப்பை நம் ஊரில் பின்பற்றாதீர்கள், மரம் முறுக்கிக்கொள்ளும். முதலில் ஹைக்ரோமீட்டரை (ஈரப்பதம் அளக்கும் கருவி) மட்டும் உள்ளே வைத்து மூன்று நாள் மூடி வையுங்கள். ஏர்கோன் ஓடும் அறையில் இருந்த பெட்டி 60க்குக் கீழே காட்டினால் 84 விழுக்காட்டு ஈரப்பதப் பொதி (ஈரத்தைக் குறித்த அளவில் நிறுத்தும் சிறு பை, விவரம் படி 6இல்) ஒன்றை வைத்து இரண்டு வாரம் மூடுங்கள். சாதாரண அறையில் இருந்த பெட்டி 70க்கு மேல் காட்டினால் மரம் ஏற்கெனவே வேண்டிய அளவு குடித்திருக்கிறது. அதற்கு நேரே 65 பொதியை வைத்து ஈரத்தை இழுக்கவிடுங்கள்.

படி 4: அளக்கும் கருவியைச் சோதியுங்கள்

மூடியில் பதித்து வரும் முள் வைத்த வட்ட ஹைக்ரோமீட்டர் அலங்காரம் மட்டும்தான். எண் காட்டும் சிறிய டிஜிட்டல் கருவி இரண்டு வாங்குங்கள். அதையும் சோதிக்காமல் நம்பக் கூடாது.

சோதனைக்கு வேண்டியது சமையல் உப்பு. போத்தல் மூடி ஒன்றில் உப்பை நிரப்பி, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுங்கள். புட்டு மாவுப் பதம் வந்ததும் நிறுத்துங்கள். உப்பு கரைந்து நீராகிவிடக் கூடாது. மூடியையும் ஹைக்ரோமீட்டரையும் ஒன்றையொன்று தொடாமல் ஒரு ஜிப் பைக்குள் வைத்து, கொஞ்சம் காற்றோடு மூடி, ஒரு முழு நாள் அசைக்காமல் விடுங்கள். உப்பு பூரிதமாக ஈரமாகியிருக்கும் மூடிய இடத்தில் ஈரப்பதம் 75 விழுக்காட்டில் நிற்கும். 20 டிகிரியிலும் 30 டிகிரியிலும் ஏறக்குறைய அதே அளவுதான். அதனால் ஏர்கோன் இல்லாத அறையிலும் இந்தச் சோதனை செல்லும். மறுநாள் பையைத் திறக்காமலே எண்ணைப் பாருங்கள். 71 காட்டினால் உங்கள் கருவி 4 குறைத்துக் காட்டுகிறது என்று பொருள். அதை ஒரு ஸ்டிக்கரில் எழுதிக் கருவியின் முதுகில் ஒட்டிவிடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை இதைத் திரும்பச் செய்யுங்கள்.

படி 5: வண்டு

இந்தப் படியை யார் தவிர்க்கச் சொன்னாலும் கேட்காதீர்கள். புகையிலை வண்டு 2, 3 மில்லிமீட்டர் நீளம், செம்பழுப்பு, தலை கீழே வளைந்து கூன் விழுந்ததுபோல் இருக்கும். முட்டை கண்ணுக்குத் தெரியாது. தோட்டத்திலிருந்தோ ஆலையிலிருந்தோ இலையோடு வரும். குளிர்ந்த இடத்தில் அந்த முட்டை அப்படியே கிடக்கும். 18 டிகிரிக்குக் கீழே வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடுகிறது. 30 டிகிரியிலோ முட்டையிலிருந்து வண்டாக ஏறத்தாழ ஒரு மாதம்தான். 30 டிகிரி என்பது ஏர்கோன் போடாத நம் வரவேற்பறை.

பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் நண்பர் ஒருவர் தீபாவளிக்கு ஊருக்குப் போய், ஏர்கோனை அணைத்துவிட்டு வீட்டைப் பூட்டியிருந்தார். திரும்பி வந்து சில வாரம் கழித்து என்னைக் கூப்பிட்டார். "அண்ணே, தொட்டா தூளா கொட்டுது, வந்து பாருங்க" என்றார். மேசையில் வெள்ளைத் தாளை விரித்து ஒவ்வொரு சுருட்டாக மெல்லத் தட்டினோம். சிலவற்றிலிருந்து மாவுபோல் பழுப்புத் தூள் விழுந்தது. விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தபோது மேலிலையில் குண்டூசியால் குத்தியதுபோல் துல்லியமான வட்டத் துளைகள் தெரிந்தன. ஒன்றைப் பிளந்தோம், உள்ளிலை முழுக்கச் சுரங்கம். வெளியே அழகாக இருந்த சுருட்டுக்குள் ஒன்றுமே மிச்சமில்லை.

பெரிய தயாரிப்பாளர்கள் பலர் ஏற்றுமதிக்கு முன் உறைய வைக்கிறார்கள். ஆனாலும் அதற்குப் பிறகு கப்பலிலும் கிடங்கிலும் என்ன நடந்தது என்று நமக்குத் தெரியாது. அதனால் வீட்டுக்கு வரும் எந்தச் சுருட்டும் இந்த வழியாகத்தான் உள்ளே போக வேண்டும்:

முதலில் ஒவ்வொன்றையும் விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். துளை இருப்பதைத் தனியே எடுத்து எறியுங்கள். நல்லதை ஜிப் பையில் போட்டு, காற்றை முடிந்தவரை அழுத்தி வெளியேற்றி, இன்னொரு ஜிப் பைக்குள் போடுங்கள். அட்டைப்பெட்டியோ மரப்பெட்டியோ, பெட்டியோடு போடலாம். ஐஸ் பெட்டியின் கீழ்த்தட்டில் ஒரு நாள். பிறகு மேலே உறைப்பெட்டியில் ஏழு நாள். மறுபடி கீழ்த்தட்டில் ஒரு நாள். அதன்பின் வெளியே எடுத்து, பையைத் திறக்காமல், இன்னொரு நாள்.

உறைப்பெட்டி உண்மையிலேயே மைனஸ் 18 டிகிரிக்குப் போகிறதா என்று வெப்பமானி வைத்துப் பாருங்கள். ஒற்றைக் கதவு ஐஸ் பெட்டிக்குள் இருக்கும் சிறிய தட்டு பெரும்பாலும் அந்த அளவுக்குக் குளிராது. அப்படியானால் இரண்டு கதவு ஐஸ் பெட்டி வைத்திருக்கும் அண்ணன், தம்பி வீட்டில் கொடுத்து வையுங்கள். கீழ்த்தட்டில் ஒரு நாள் நிறுத்துவதற்குக் காரணம், மேலிலையும் உள்ளிலையும் ஒரே வேகத்தில் குளிராததால் வரும் வெடிப்பைத் தவிர்ப்பது. கடைசி நாள் பையைத் திறக்கக் கூடாது என்பதற்குக் காரணம் நம் காற்று. குளிர்ந்த சுருட்டை வெளியே திறந்தால் அதன்மேல் நீர் பூத்துவிடும். பை மூடியிருந்தால் பனிநீர் பையின் வெளிப்பக்கத்தோடு நின்றுவிடும். வெளிப்பக்கம் முழுக்கக் காய்ந்து, பை அறை வெப்பத்துக்கு வந்த பிறகு திறந்தால் பயமில்லை.

முனியாண்டிக்கும் மதுரை வீரனுக்கும் படைக்க வாங்கும் சுருட்டுக் கட்டை இவற்றோடு வைக்காதீர்கள். அது மரியாதைக்குரிய பொருள்தான். ஆனால் கடையில் திறந்த டப்பாவில் பல நாள் இருந்து வருவது, வண்டு ஏறிவர வசதியான வழி. அதற்குத் தனி டப்பா, தனி அலமாரி.

படி 6: ஈரப்பதப் பொதி

கடற்பஞ்சு, பச்சைப் பூப்பஞ்சு, ஜெல் ஜாடி ஆகியவை ஈரத்தைக் கொடுக்கத்தான் தெரிந்தவை. நம் ஊருக்கு வேண்டியது கொடுக்கவும் எடுக்கவும் தெரிந்த பொதி. போவேடா போன்ற பொதிகளுக்குள் உப்புக் கரைசல் இருக்கிறது. வெளித்தாள் நீராவியை மட்டும் இருபக்கமும் விடும். படி 4இல் உப்பு 75இல் நின்றது போலவே, இதற்குள் இருக்கும் கலவை 62, 65, 69 என்று குறித்த அளவில் நிற்கும். 25 சுருட்டுக்கு 60 கிராம் பொதி ஒன்று என்று கணக்கு. கூடப் போட்டாலும் கெடுதல் இல்லை. வெவ்வேறு எண்ணுள்ள பொதிகளை ஒரே டப்பாவில் போடாதீர்கள், ஒன்றோடொன்று இழுத்துக்கொண்டிருக்கும்.

பொதி கல்லாகக் காய்ந்தால் மாற்ற வேண்டும். நம் ஊரில் அதைவிட அதிகம் நடப்பது வேறு: பொதி தண்ணீர்ப் பைபோல் உப்பிவிடும். அப்போது புதுப் பொதி வாங்க ஓடாதீர்கள். டப்பாவுக்குள் வெளிக்காற்று வருகிறது என்பதுதான் அதன் பொருள். ரப்பர் வளையத்தைக் கழற்றிக் கழுவி, திரும்பப் பொருத்திப் பாருங்கள்.

நீர் ஊற்றும் கருவிதான் வைத்திருக்கிறேன் என்பவர்கள் குழாய்நீரோ மினரல் வாட்டரோ ஊற்றக் கூடாது. 'ஆயிர் சூலிங்' என்னும் காய்ச்சி வடித்த நீர் மட்டும்.

படி 7: வெப்பத்தை இறக்குவது

நூறு சுருட்டைத் தாண்டிவிட்டால் வைன் குளிர்பெட்டி ஒன்று வாங்குவது பொருத்தம். இரண்டு வகை உண்டு. சத்தமில்லாமல் மின்தகட்டால் குளிர்விக்கும் வகையைக் குளிர்நாட்டுக்காரர்கள் விரும்புவார்கள். நம் அறை 31 டிகிரியில் இருக்கும்போது அது திணறும். கம்ப்ரசர் வகையே இங்கே நிற்கும்.

ஆனால் அதற்குள் சுருட்டை வெறுமனே அடுக்கிவிடக் கூடாது. ஒரு கணக்கைப் பாருங்கள். 30 டிகிரியில், 80 விழுக்காடு ஈரத்தில், ஒரு கன மீட்டர் காற்றில் ஏறக்குறைய 24 கிராம் நீராவி இருக்கிறது. 18 டிகிரிக் காற்றால் தாங்க முடிந்தது 15 கிராம் சொச்சம். கதவைத் திறந்து மூடும்போது உள்ளே புகும் காற்றின் மிச்ச நீர் எங்கே போகும்? பின்சுவரில் வழியும், அடித்தட்டில் தேங்கும். பிறகு கம்ப்ரசர் ஓடும்போது காற்றைக் காயவைக்கும், நிற்கும்போது ஈரம் திரும்ப ஏறும். இந்த ஊசலில் மேலிலை விரிந்து சுருங்கி வெடிக்கும். ஆகவே படி 3இல் சொன்ன டப்பாக்களைப் பொதியோடு மூடி, டப்பாவாகவே குளிர்பெட்டிக்குள் வையுங்கள். குளிர்பெட்டி வெப்பத்தைப் பார்த்துக்கொள்ளும், டப்பா ஈரத்தைப் பார்த்துக்கொள்ளும். பின்சுவரை டப்பா தொடக் கூடாது.

கேமரா வைக்கும் டிரை கேபினெட் பல வீடுகளில் இருக்கிறது. அது 40, 50 விழுக்காட்டுக்குக் காயவைக்கும் பெட்டி. அதில் சுருட்டு வைத்தால் சருகாகும்.

மின்சாரம் சில மணி நேரம் நின்றால் கதவைத் திறக்காமல் இருங்கள், போதும். சில நாள் நின்றால்கூட, உறையவைத்து எடுத்த சுருட்டுக்கு ஆபத்தில்லை. 5ஆம் படியின் பலன் அங்கே தெரியும்.

படி 8: அடுக்குவதும் குறிப்பதும்

டப்பாவை முக்கால் பங்குக்கு மேல் நிரப்ப வேண்டாம். செலஃபேன் உறையைக் கழற்றுவதா வேண்டாமா என்று ஓயாத விவாதம் உண்டு. செலஃபேன் நீராவியை விடும், அதனால் பதமாவதைத் தடுக்காது, கொஞ்சம் தாமதப்படுத்தும். கை படாமலும் ஒன்றின் பூஞ்சை மற்றதில் ஒட்டாமலும் காக்கும். நான் கழற்றுவதில்லை. உலோகக் குழாயில் வந்தவற்றின் மூடியை மட்டும் தளர்த்துங்கள். வனிலா, ரம் போன்ற வாசமூட்டிய சுருட்டு தனி டப்பாவில்தான் இருக்க வேண்டும்.

வாங்கிய மாதம், உறையவைத்த தேதி, இரண்டையும் பெட்டியில் எழுதுங்கள். கியூபா பெட்டியின் அடியில் ஆலைக் குறியோடு, அடைத்த மாதமும் ஆண்டும் முத்திரையாக இருக்கும். மாதப் பெயர் ஸ்பானிய மொழிச் சுருக்கம்: 'எனே' என்றால் ஜனவரி, 'ஆகோ' என்றால் ஆகஸ்ட், 'டிக்' என்றால் டிசம்பர். நம் கையில் வந்த நாளைவிட அந்த நாள்தான் வயதுக் கணக்குக்குத் தொடக்கம்.

படி 9: காத்திருக்கும் ஆண்டுகள்

இளம் சுருட்டில் அம்மோனியா நெடி இருக்கும். இலை புளிக்கும்போது உண்டானதன் மிச்சம். அது போக மாதங்கள் ஆகும். உறையவைத்ததும் உடனே பற்றவைக்காமல் மூன்று நான்கு வாரமாவது ஓய்வு கொடுங்கள். அதன்பின் ஆண்டு செல்லச் செல்லக் காரம் தணியும், வாசங்கள் ஒன்றோடொன்று இணையும். எல்லாச் சுருட்டும் வயதாக ஆக உயர்ந்துவிடாது. மென்மையான சுருட்டு பத்தாண்டில் சப்பென்று ஆகிவிடலாம். உரமான, எண்ணெய்ப்பசை மிகுந்த இலைதான் நீண்ட காலம் தாங்கும். ஒரு பெட்டியில் ஆண்டுக்கு ஒன்று எடுத்துப் பார்த்து, எப்போது நிறுத்துவது என்று நாக்கை முடிவு செய்யவிடுங்கள்.

மாதம் ஒருமுறை எண்ணைப் பாருங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஏர்கோன் ஓடி அறை காய்ந்திருக்கும் இரவில், டப்பாவை அறை வெப்பத்துக்கு வரவிட்டுத் திறந்து, அடியில் இருப்பதை மேலே கொண்டுவந்து, மறுபடி மூடுங்கள்.

படி 10: கெட்டால் என்ன செய்வது

வெள்ளையாகப் பொடி தெரிந்தால், சுருட்டின் எண்ணெய் பூத்திருக்கிறது, நல்ல அறிகுறி என்று மகிழ்பவர்கள் உண்டு. பெரும்பாலும் அது பூஞ்சைதான். திட்டாக, பஞ்சுபோல் நின்றால் ஐயமே வேண்டாம். மேலிலையில் மட்டும் லேசாக இருந்தால் உலர்ந்த துணியால் துடைத்துத் தனியே வைத்துக் கவனியுங்கள். பச்சையோ நீலமோ கலந்திருந்தாலும், எரியும் முனைக்குள் இறங்கியிருந்தாலும் எறிந்துவிடுங்கள். டப்பாவை ஐசோபுரோபில் ஆல்கஹாலால் துடைத்து, வாடை போகும்வரை திறந்து வையுங்கள்.

வண்டுத் துளை ஒன்றே ஒன்று தெரிந்தாலும் அந்த டப்பாவில் இருந்த எல்லாவற்றுக்கும் 5ஆம் படி மறுபடி. காய்ந்துபோன சுருட்டை ஒரே நாளில் ஈரமாக்க முயன்றால் வெடிக்கும். 62 பொதியோடு சில வாரம், பிறகு 65. அதிக ஈரம் ஏறியதை விரலால் அழுத்தினால் மெத்தென்று இருக்கும், இழுத்தால் காற்று வராது. அதையும் வெயிலில் வைக்காதீர்கள். 62 பொதிதான் அதற்கும் மருந்து.

எடுத்துப் போகும்போது

18 டிகிரியில் இருந்த டப்பாவைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததும் திறக்க வேண்டாம். இரண்டு மூன்று மணி நேரம் மேசையில் இருக்கட்டும். நண்பருக்குக் கொடுக்க எடுத்தவற்றை ஜிப் பையில் 8 கிராம் பொதி ஒன்றோடு போட்டுக் கொடுங்கள். காரில் வைத்துவிட்டு இறங்காதீர்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் 50 டிகிரியைத் தாண்டும். வழியில் சாப்பிட நிறுத்தினாலும் பையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.